எண்ணாமல் விட்ட சுற்று

"கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டேன், மிஸ் நெல்டா. டாயில் கைசர்னு ஒருத்தர் ஜெயிச்சதா ஒரு வரிகூட இல்லையே," என்றான் ட்ரெண்ட்.

நெல்டா கைசர் கையிலிருந்த பையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பழுப்பேறிய பத்திரிகைத் துண்டுகள் அவன் மேசையெல்லாம் கொட்டின. ஒன்றிரண்டு அவனுடைய காப்பிக் கோப்பைக்குள் விழுந்தன. அவள் எடுத்து உதறவில்லை.

"இதைப் படி. படிக்கத் தெரியுமில்ல? இல்ல அதுக்கும் கம்ப்யூட்டர்தான் வேணுமா?"

ட்ரெண்டுக்கு முப்பத்தைந்து வயது. பென்ட் க்ரீக் ரேஸ் மைதானத்தை இரண்டு குளிர்காலத்துக்கு முன்புதான் வாங்கியிருந்தான். வயதான பெண்களை, கல்யாணமானவர்களைக்கூட, மரியாதைக்கு 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவான். கெட்டவன் இல்லை. நல்லவனாக இருப்பதே ஒரு வேலை என்று நினைக்கிறவன். அவன் காப்பியிலிருந்து துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மேலே தூக்கிப் பிடித்து எண்ணினான். எண்ணி முடிக்க அரை மணி ஆயிற்று. நெல்டாவாக இருந்தால் இரண்டு நிமிடம். முப்பத்தெட்டு வருடம் சாக்ஸ் மில்லில் டஜன் டஜனாக ஜோடி எண்ணியவள் அவள். பேசிக்கொண்டே எண்ணுவாள். சண்டை போட்டுக்கொண்டே எண்ணுவாள். அப்படித்தான் அவள் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொண்ணு இருக்கு," என்றான் ட்ரெண்ட். "ஐம்பது வேணுமே."

விஷயம் இதுதான். பென்ட் க்ரீக்கில் ஐம்பது பந்தயம் ஜெயித்தவன் பெயரை நான்காவது வளைவின் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதுவார்கள். ஏழு பேர் இருந்தார்கள். ஏப்ரல் மாத முதல் பந்தயத்துக்குள் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்துப் பெயர்களைத் திரும்ப எழுதப்போவதாக ட்ரெண்ட் அறிவித்திருந்தான். அவள் புருஷன் டாயில் ஜெயித்தது ஐம்பது. நெல்டாவின் கணக்கு அது. டாயிலுக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரை அவன் கண்ணை உள்ளிருந்து தின்றுகொண்டிருந்தது. சாப்பாட்டுத் தட்டில் பீன்ஸ் எது, சோள ரொட்டி எது என்று விரலால் தடவித்தான் கண்டுபிடிப்பான். ஆள் உயர எழுத்து இந்த வருடம் தெரியும். அடுத்த வருடத்துக்கு டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆனால் சுவருக்கு ஒரு விதி உண்டு. ஜெயித்தது ஹார்லோ கூரியரில் அச்சாகியிருக்க வேண்டும். மைதானத்தை ஆரம்பித்தவர் போட்ட விதி. அவரைக் குறை சொல்ல முடியாது. பென்ட் க்ரீக்கில் கார் ஓட்டியவன் எவனைக் கேட்டாலும் நூறு ஜெயித்தேன் என்பான். அப்போதெல்லாம் கூரியரில் திங்கட்கிழமைதோறும் எல்லா வகுப்புக்கும் முடிவு வரும். பெரிய கார்களுக்கு மட்டுமில்லை, டாயில் ஓட்டிய ஸ்ட்ரீட் ஸ்டாக் வகுப்புக்கும் வரும். அதாவது, வீட்டு வாசலில் துருப்பிடித்து நின்ற காரை உரித்து, உள்ளே இரும்புக் குழாய் வைத்துப் பற்றவைத்து ஓட்டுகிற ஏழைகளின் வகுப்பு. எட்டாவது வந்தவன் பெயர்கூட இருக்கும். அவன் எத்தனை சுற்று ஓடினான் என்பதும் இருக்கும். எவனுக்காவது ஆட்சேபம் இருந்தால் பேப்பர் வந்த பிறகு புதன்கிழமை மாலை வரை வந்து சொல்லலாம்.

2005 வசந்தத்தில் கூரியர் அதை நிறுத்தியது. முதலில் எட்டிலிருந்து ஐந்தாகக் குறைத்தார்கள், பிறகு மூன்று. பிறகு ஸ்ட்ரீட் ஸ்டாக்கைத் தூக்கினார்கள். பிறகு பென்ட் க்ரீக் என்று ஒரு ஊரே இல்லை என்பதுபோல் இருந்துவிட்டார்கள். டாயில் கடைசி ஒன்பது பந்தயம் ஜெயித்தது அதற்குப் பிறகு.

"அப்ப அந்த ஒம்போதும் நடக்கவே இல்லையா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. ஏதாவது எழுத்துல வேணும். பேப்பர்காரங்க ஒரு கடிதாசி கொடுத்தாலும் சரி. இல்லைன்னா சுத்து எண்ணின தாள், எண்ணினவங்க கையெழுத்தோட."

நெல்டா துண்டுகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். சுற்றுத் தாள் யாரிடம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் முதலில் பேப்பர்காரர்களிடம் போனாள்.

மெயின் ஸ்ட்ரீட்டில் கூரியர் இருந்த கட்டடத்தில் இப்போது புகைக் குழல் விற்கிறார்கள். போன் செய்தால் ஒரு மெஷின் பேசியது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. விளையாட்டுப் பகுதிக்கு நான்கை அழுத்தினால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, நான்காம் நாள் அவள் டாயிலின் பழைய டிரக்கை எடுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஓட்டி நகரத்துக்குப் போனாள். சுற்றுவட்டாரத்து நான்கு கவுண்டிப் பேப்பர்களையும் அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வைத்துச் செய்கிறார்களாம்.

பிரெஸ்டன் என்று ஒருத்தன் வந்தான். விளையாட்டுப் பகுதி ஆசிரியராம். நல்ல தோல் ஷூ, காலில் சாக்ஸ் இல்லை. நெல்டாவுக்கு அங்கேயே பாதி தெரிந்துவிட்டது.

"எங்ககிட்ட மொத்தமே மூணு பேர், மேடம். நாலு கவுண்டியும் நாங்கதான் பாக்கணும்."

"உங்க ஆளை யாரு வரச்சொன்னா? நாங்களே போன் போட்டு முடிவு சொன்னோமே! எழுதிக்கறதுக்கு ஒரு கை, பிடிச்சுக்க ஒரு பென்சில். அதுக்குக்கூட ஆள் இல்லையா?"

"அதில்லை. படிக்கறவங்க இல்லை. எந்தச் செய்தியை எத்தனை பேர் திறக்கறாங்கன்னு எங்களுக்குக் கணக்கு வருது. லோக்கல் ரேஸிங்குக்கு ஒண்ணும் வரலை."

"போடாததை எவன்டா திறப்பான்?"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் நிமிரவில்லை. எல்லோர் காதும் நிமிர்ந்திருந்தது.

"டெரல் டீக் ரேஸ் கார்ல எரிஞ்சப்ப மட்டும் எப்படி வழி தெரிஞ்சுது உங்களுக்கு?" என்றாள் நெல்டா. "மூணு வேன் வந்துது. மேல ஹெலிகாப்டர். ரெண்டு நாள் முதல் பக்கம். அவன் பேரைத் தப்பா போட்டீங்க. தார் போட்ட மைதானத்தை மண்ணு மைதானம்னு எழுதினீங்க. அவன் அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அழுததைப் படம் பிடிச்சீங்க. அதுக்கு ரெண்டு வாரம் முந்திதான் அவன் முதல் தடவையா ஜெயிச்சான். எந்தப் பக்கத்துல போட்டீங்க அதை?"

"அது செய்தி, மேடம்."

"வெந்தா செய்தி. ஜெயிச்சா ஒண்ணுமில்லை."

அவன் கடிதம் தரமுடியாது என்றான். நாங்கள் போடாத பந்தயம் நடந்தது என்று நாங்களே எப்படி எழுதித் தருவது என்றான். வேண்டுமானால் இணையத்தில் ஒரு படிவம் இருக்கிறது, நிரப்பிப் போடுங்கள் என்றான். நெல்டா எழுந்தாள். கதவுவரை போய்த் திரும்பினாள்.

"உங்க அம்மா இருக்காளா?"

"இருக்காங்க."

"ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கித் தரச் சொல்லு."

திரும்பி வரும் வழி முழுக்க அவள் வாய் ஓயவில்லை. டிரக்கில் அவளைத் தவிர யாரும் இல்லை. மறுநாள் காலை, கட்டில் கால்மாட்டில் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து வெளியே வைத்தாள். அதில் டாயிலின் சுற்று ஒன்றுகூட இல்லை. எல்லாம் கார்லண்ட் செட்சர் ஓட்டிய சுற்று.

பென்ட் க்ரீக்கில் சுற்று எண்ணும் முறை அப்படி. ஒவ்வொரு காருக்கும் ஒரு பெண் எண்ணுவாள். பெரும்பாலும் ஓட்டுகிறவனின் பெண்டாட்டி. ஆனால் தன் புருஷன் காரைத் தான் எண்ணக்கூடாது. போட்டிக்காரனின் காரைத்தான் எண்ண வேண்டும். அவன் பெண்டாட்டி இவள் புருஷனை எண்ணுவாள். ஒருத்தி ஏமாற்றினால் மற்றவள் ஏமாற்றுவாள் என்ற பயம் இரண்டு பேரையும் நேர்வழியில் வைத்திருக்கும். மேடையில் சிவப்பு எண்கள் ஓடுகிற ஒரு கடிகாரம் இருந்தது. கார் கோட்டைத் தாண்டும்போது அந்த நேரத்தைத் தாளில் எழுத வேண்டும். ஒரு கட்டம், ஒரு சுற்று. மைதானம் ஐந்து கை மாறியது. வந்தவன் ஒவ்வொருத்தனும் போனவனின் காகிதங்களைக் குப்பையில் கொட்டினான். அதனால் பெண்கள் தங்கள் தாளைத் தாங்களே வீட்டுக்கு எடுத்துப்போக ஆரம்பித்தார்கள்.

டாயிலின் சுற்றுகளை எண்ணியவள் கார்லண்டின் பெண்டாட்டி வைனெல். அவளும் நெல்டாவும் பேசி ஒன்பது வருடம் ஆகிறது. அதில் முதல் நாலு வருடம் ஒரே பெஞ்சில் இந்தக் கோடியில் ஒருத்தி, அந்தக் கோடியில் ஒருத்தி உட்கார்ந்து, ஒருவர் புருஷனை ஒருவர் எண்ணினார்கள். மழை வருகிறது என்றுகூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

2007 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. நாற்பது சுற்றுப் பந்தயம். பாதியில் மஞ்சள் கொடி காட்டி எல்லோரையும் மெதுவாக ஓடவைத்திருந்தபோது, கார்லண்டின் நீலக்கார் டயர் பஞ்சராகி உள்ளே வந்தது. நெல்டா சிரித்தாள். "உன் புருஷனுக்குக் காத்து போயிடுச்சு போல," என்றாள். வைனெல் தலையைத் திருப்பாமல், "உன் புருஷன் ஸ்கூல் பஸ் ஓட்டலாம். அதுலயும் பிள்ளைங்க லேட்டாத்தான் போகும்," என்றாள். பேச்சு வளர்ந்தது. கார்லண்ட் டயரை மாற்றிக்கொண்டு திரும்ப ஓட ஆரம்பித்து, பச்சைக் கொடி விழுந்து, கார்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தன. இவர்கள் நிறுத்தவில்லை. வைனெல் நெல்டாவின் தாயைப் பற்றி ஒன்று சொன்னாள். நெல்டா மடியிலிருந்த உருளைக்கிழங்கு சாலட் கிண்ணத்தைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்தாள்.

அன்று டாயில் ஜெயித்ததாக அறிவித்தார்கள். கோட்டை முதலில் தாண்டியது கார்லண்ட். ஆனால் அவன் டயர் மாற்ற உள்ளே போனவன், ஒரு சுற்று பின்தங்கிவிட்டானோ என்று பார்த்த யாருக்கும் நிச்சயமில்லை. தாளைக் கேட்டார்கள். நெல்டாவின் தாளில் கார்லண்டுக்கு முப்பத்தொன்பது.

"நிச்சயமா?" என்று தலைமை எண்ணுநர் கேட்டார்.

"எழுதினது எழுதினதுதான்," என்றாள் நெல்டா.

கிண்ணத்தைக் கவிழ்த்த நேரத்தில் அவள் பென்சில் தரையில் கிடந்தது. குனிந்து எடுக்கும்போது ஒரு கார் கடந்து போன சத்தம் கேட்டது. அது நீலமா இல்லையா என்று அவள் பார்க்கவில்லை. அப்புறம் நினைத்துப் பார்த்தாள். நினைத்தது வேண்டாம் என்று விட்டுவிட்டாள். பொய் சொல்லவில்லை அவள். வாயை மூடிக்கொண்டிருந்தாள். பொய்யை விட அது சுலபம்.

இப்போது தாள்கட்டைப் பக்கத்து இருக்கையில் போட்டுக்கொண்டு அவள் செட்சர் வீட்டு மேட்டில் ஏறினாள். வைனெல் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எழுபது வயதிலும் தலைமுடிக்குச் செம்பு நிறச் சாயம். காரை நிறுத்தும் கொட்டகையில் கார்லண்டின் நீலக்கார் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. கார்லண்ட் போய் இரண்டு வருடம். நெல்டா சாவுக்கு வரவில்லை.

வைனெல் வாயிலிருந்த துணிக் கவ்வியை எடுத்தாள்.

"வாடி வா. சாலட் கொண்டாந்தியா?"

"உன் தலையில இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்னு நினைச்சேன்."

"ஒரு வாரம் நாத்தம் போகலைடி. எதைப் போட்டுக் கிண்டினே அதுல? சாக்ஸா?"

"உள்ள கூப்பிடப் போறியா, இல்ல இப்படியே வெயில்ல நிக்கவா?"

"நில்லேன். ஒம்போது வருஷம் நின்னதுதானே."

ஆனாலும் கதவைத் திறந்துவிட்டாள். சமையலறை மேசையில் நெல்டா விஷயத்தைச் சொன்னாள். சுவர், ஐம்பது, டாயிலின் கண், சாக்ஸ் போடாதவன், எல்லாம். வைனெல் கேட்டுக்கொண்டே காப்பி ஊற்றினாள், தனக்கு மட்டும். சாக்ஸ் போடாதவன் வந்தபோது நெல்டாவுக்கும் ஒரு கோப்பை வைத்தாள்.

"கார்லண்ட் செத்தப்ப அவங்க என்ன போட்டாங்க தெரியுமா?" என்றாள். எழுந்துபோய் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த பேப்பர்த் துண்டைப் பிய்த்து வந்தாள். "படிக்கிறேன் கேளு. 'அன்னாருக்குக் கார்களில் ஆர்வம் உண்டு.' ஆர்வமாம்! இருபத்தெட்டு வருஷம் ஓட்டினான். முதுகெலும்பு ரெண்டு எடத்துல முறிஞ்சுது. வலது காது கேக்கலை. கார்ல ஆர்வம் உண்டாம், பட்டாம்பூச்சி பிடிக்கிறவனைச் சொல்ற மாதிரி. ஜெயிச்சதைப் போடுங்கடான்னேன். எங்க ரெக்கார்டுல இல்லைன்னுட்டாங்க. அவங்க போடாம விட்டு, அப்புறம் அவங்களே இல்லைங்கறாங்க."

"நாசமாப் போக," என்றாள் நெல்டா.

"போக," என்றாள் வைனெல். ஒன்பது வருடத்தில் இருவரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

வைனெல் உள்ளே போய் ஒரு தாள்கட்டோடு வந்தாள். டாயில் ஜெயித்த ஒன்பது பந்தயமும் இருந்தன. மேலே இருந்த தாளில் ஒரு பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாக ஊறியிருந்தது.

"சாலட்," என்றாள் வைனெல். "முடி வழியா வழியுது, கண்ணுல விழுது. நான் எண்ணினேன். ஒரு சுத்து விடலை. எண்ணிப் பாத்துக்க. உன் புருஷனுக்கு நாப்பது. சரியான நாப்பது." அவள் கட்டின்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். "என் புருஷனோடது எங்க?"

நெல்டா தன் கட்டை மேசையில் வைத்தாள். அந்தத் தாள் எது என்று தேட வேண்டியிருக்கவில்லை. வைனெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கட்டத்து நேரத்திலிருந்து முந்தைய கட்டத்து நேரத்தைக் கழித்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"இருபத்தொண்ணு. இருபத்தொண்ணு. இருபது. இருபத்தொண்ணு." விரல் நின்றது. "நாப்பத்திரண்டு."

நெல்டா காப்பியைப் பார்த்தாள்.

"நாப்பத்திரண்டு செகண்டாடி? என்ன, நடுவுல எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு வந்தானா என் புருஷன்?"

"பென்சில் விழுந்துடுச்சு."

"பென்சில் விழுந்துடுச்சு!"

"நான் வேணும்னு செய்யலை."

"அப்ப அப்புறம் ஏன் சொல்லலை?"

வைனெல் மேசையை ஓங்கி அறைந்தாள். இரண்டு கோப்பையும் துள்ளின.

"அந்தத் திங்கக்கிழமை நான் மைதான ஆபீசுக்குப் போனேன், தெரியுமா? அந்தத் தாளைக் காட்டுங்கடான்னேன். அப்ப நடத்தினவன் என்ன சொன்னான் தெரியுமா? பேப்பர்ல முடிவு வந்தப்புறம்தான் ஆட்சேபம் சொல்ல முடியுமாம். விதியாம். பேப்பர்லதான் வர்றதில்லையேடான்னேன். அப்ப ஆட்சேபமும் இல்லைன்னுட்டான்! எதை வெச்சுச் சண்டை போடறது? காத்தோடயா? முன்ன மாதிரி எத்தனை சுத்துன்னு பேப்பர்ல போட்டிருந்தா ஊரே கேட்டிருக்கும். முடிவெட்டற கடையில கேட்டிருப்பான். சர்ச்சுல கேட்டிருப்பான். உன் வாயைக் கிழிச்சு உண்மையை வாங்கியிருப்பாங்க."

"வாங்கியிருப்பாங்கதான்," என்றாள் நெல்டா. அதுதான் அவளுக்கு ஆத்திரம். கேட்டிருந்தால் இரண்டு நாளில் சொல்லியிருப்பாள். யாரும் கேட்காததால் ஒன்பது வருடம் வயிற்றில் வைத்துக்கொண்டு, அதையும் சேர்த்து ஐம்பது என்று எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். எண்ணத் தெரிந்தவள்!

"பென்சில் இருக்கா?"

வைனெல் இழுப்பறையைத் திறந்து ஒன்றை எறிந்தாள். நெல்டா தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து எழுத்தாக எழுதினாள்: இங்கே ஒரு சுற்றை நான் விட்டுவிட்டேன். கார்லண்ட் செட்சர் ஓடியது நாற்பது. முதலில் வந்தது அவன்தான். நெல்டா கைசர். அவள் அழுத்திய அழுத்தில் கடைசி எழுத்தில் பென்சில் முனை ஒடிந்து மேசைக்கடியில் தெறித்தது.

வைனெல் அதை மூன்று முறை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப ஒருமுறை படித்தாள்.

"உனக்கு ஒண்ணு குறையும்," என்றாள்.

"எனக்கு எண்ணத் தெரியும்."

"மிச்சம் எட்டையும் எடுத்துட்டுப் போ. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." போட்டுத் தந்தாள். வாசல்வரை வந்தாள். "நீ சாவுக்கு வராதது எனக்கு இன்னும் ஆறலை."

"எனக்கும்தான்," என்றாள் நெல்டா.

டாயிலிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாள் கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றாள். மறுநாள் காலை அவன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தானும் வருவேன் என்று டிரக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டான். மைதான ஆபீஸ் வாசலில் அவனை டிரக்கிலேயே விட்டுவிட்டு அவள் உள்ளே போனாள்.

ட்ரெண்ட் எட்டுத் தாளையும் பார்த்தான். கார்லண்டின் தாளையும் பார்த்தான். நெல்டா நடந்ததைச் சொன்னாள், சாலட் உட்பட. அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான்.

"நாப்பத்தொம்போது," என்றான். "அட, ஒண்ணுதானே மிஸ் நெல்டா! ஐம்பதுன்னே எழுதிடறேன். யாரு பாக்கப்போறாங்க?"

நெல்டாவுக்கு முதலில் காதில் விழுந்தது புரியவில்லை.

"என்ன சொன்னே?"

"இல்ல, டாயில் சாருக்கும் கண்ணு இப்படி இருக்கு... பழைய விஷயம். பேப்பர்லயும் வரலை, இன்டர்நெட்லயும் இல்லை. நாம எழுதறதுதான் கணக்கு. யாரும் வந்து சரிபார்க்கப் போறதில்லை."

"யாரும் சரிபார்க்கப் போறதில்லைன்னா எதுக்குடா என்னை ஆறு வாரம் தெருத்தெருவா அலையவிட்டே?" அவள் குரல் வெளியே டிக்கெட் கூண்டுவரை கேட்டது. "எழுத்துல கொண்டா, எழுத்துல கொண்டான்னியே! அந்த வெறுங்கால்காரன்கிட்ட போய்ப் பேச்சு வாங்கினேன். ஒம்போது வருஷம் முகத்துல முழிக்காதவ வீட்டுப் படியேறினேன். என் கையால என் வாயில மண்ணைப் போட்டுட்டு வந்து நிக்கறேன். இப்ப சொல்றே, சும்மாவே எழுதித் தர்றேன்னு!"

"நான் நல்லதுக்குத்தான்..."

"உன் நல்லதைத் தூக்கிக் குப்பையில போடு. பேப்பர்காரன் ஜெயிச்சதை ஜெயிக்கலைன்னான். நீ ஜெயிக்காததை ஜெயிச்சதுங்கறே. ரெண்டு பேருக்கும் என்னடா வித்தியாசம்? ரெண்டு பேருக்குமே ஒரு எழவும் பாக்க வேணாம். அந்தச் சுவத்துல ஏழு பேர் இருக்காங்களே, அவங்களாவது நெசமா, இல்ல அதுவும் யாரு பாக்கப்போறாங்கன்னு எழுதினதா?"

ட்ரெண்டின் முகம் சிவந்தது. நெல்டா எட்டுத் தாளையும் திரும்ப எடுத்துக்கொண்டாள். கார்லண்டின் தாளை மட்டும் அவன் முன்னால் தள்ளினாள்.

"இது இங்க இருக்கட்டும். அந்தப் பந்தயம் கார்லண்ட் செட்சரோடது. உன் கம்ப்யூட்டர்ல ஏத்து. இப்பவே. நான் பாக்கறேன்."

அவன் ஏற்றும்வரை அவள் பின்னால் நின்றாள். செட்சர் என்பதை அவன் தப்பாக அடித்தான். திருத்தச் சொன்னாள். திருத்தினான். பிறகு வெளியே வந்து டிரக்கில் ஏறிக் கதவை அறைந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றான் டாயில்.

"நாப்பத்தொம்போது."

டாயில் சலவைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டான். "வந்தது வந்தோம், சுவரைப் பாத்துட்டுப் போலாம்," என்றான்.

அவள் டிரக்கை ஓடுபாதைக்குள் இறக்கி நான்காவது வளைவில் நிறுத்தினாள். வெள்ளையடித்த சுவரில் பெயின்டர் ஏணிமேல் நின்று ஏழாவது பெயருக்குக் கறுப்புப் பூசிக்கொண்டிருந்தான். டாயில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் பெயரைப் படித்தான். இரண்டாவதையும் படித்தான். எழுத்து தெரிந்தது அவனுக்கு. அதற்கும் நெல்டாவுக்குக் கோபம்தான் வந்தது.

"ஆகஸ்டு பந்தயம்," என்றாள் சுவரைப் பார்த்தபடி. "கார்லண்டோட ஒரு சுத்தை நான் விட்டுட்டேன். அவன்தான் ஜெயிச்சது. இன்னிக்கு அதை எழுதிக் குடுத்துட்டேன். உனக்கு ஒண்ணு போச்சு. திட்டறதுன்னா திட்டு."

"தெரியும்," என்றான் டாயில்.

"என்ன தெரியும்?"

"அவன் ஜெயிச்சது. டயர் மாத்திட்டு வந்து என் வாலுலதான் ஒட்டினான். கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு சுத்தும் பின்னால போகலை. கடைசி மூணு சுத்து இருக்கறப்ப இதே வளைவுலதான் என்னைத் தாண்டினான். நான் நின்னுட்டிருந்த மாதிரி தாண்டினான்."

நெல்டா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டே ஒம்போது வருஷம் வாயை மூடிட்டு இருந்தியா? நான் தனியாத் தின்னுட்டு இருந்தேனே இதை! ஏன்யா சொல்லலை?"

"யாரு கேட்டா?" என்றான் டாயில். "முன்னெல்லாம் ஜெயிச்சா ஞாயித்துக்கிழமை கூரியர்காரன் போன் பண்ணுவான். எப்படிப் போச்சு டாயில்னு கேப்பான். நானும் சொல்லுவேன். அவன் பண்றதை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆயிடுச்சு. ஆனா அந்த ஞாயித்துக்கிழமை மட்டும், பண்ணினா நல்லாருக்கும்னு தோணிச்சு. பண்ணினா சொல்லிடலாம்னு. சாயங்காலம் வரைக்கும் போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

"நான் வீட்டுலதானே இருந்தேன்! என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ தாள்ல எழுதினவ. உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

ஏணியில் நின்ற பெயின்டர் இறங்கி வந்து, கீழே வெள்ளையாக இருந்த இடத்தைக் காட்டி, இதில் எட்டாவது பெயர் வருமென்று சொன்னார்களே, வருமா வராதா, பெயின்ட் காய்ந்துகொண்டிருக்கிறது என்று கேட்டான்.

"வராது," என்றாள் நெல்டா. கியரைப் போட்டு, டிரக்கைத் தார்ப்பாதையில் கிறீச்சென்று திருப்பினாள்.